மைனஸ் தூசி

திருச்சிராப்பள்ளியில் தூசி இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரர் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட் வரை ஒரு தடவை நடந்துவிட்டு வந்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் அரசாங்கம் வேட்டியை நம்புவதில்லை. ஆகவே 1964ஆம் வருஷம் தை மாதத்தில் பாலக்கரையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, 'காற்றுத் துகள் அளவை நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். மாட்டிய மூன்றாம் நாள், அதைப் படிப்பதற்கு ஒரு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

நிலையத்தில் மூன்று பேர். அதிகாரி ரங்கமன்னார், ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் வியர்வையில் கரையாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குக் கோடை முழுவதும் வேலை. பியூன் காத்தமுத்து, லால்குடிப் பக்கம். மூன்றாவது ஆள் ஜெகபர் சாதிக். பி.எஸ்ஸி. பௌதிகம், வயது இருபத்தாறு, பதவி அப்சர்வர், தாற்காலிகம். பதவியை அவன் எல்லாரிடமும் சொல்லுவான். தாற்காலிகத்தைக் கேட்டால்தான் சொல்லுவான். 'காற்று டிபார்ட்மென்டில் இருக்கிறான்' என்று அவன் அம்மா பெருமையாகச் சொல்லப் போக, சொந்தக்காரர்கள் இரண்டு பேர் மின்விசிறியைப் பழுது பார்க்கச் சொல்லி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வெளிநாட்டிலிருந்து இரண்டு மிஷின்கள் வந்திருந்தன. ஒன்று நிலையத்தின் மொட்டை மாடியில். இன்னொன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில். இடுப்பு உயரத்தில், தகரக் கூரை போட்ட நாய் வீடு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு மோட்டார். அது இரவும் பகலும் ஊர்க்காற்றை உறிஞ்சும். கூரைக்குக் கீழே விரித்திருக்கும் வெள்ளைத் தாளில் தூசி தங்கிவிடும். தாளை வைக்கும் முன் ஒரு எடை, மறுநாள் எடுத்த பின் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூசி.

"டீ வடிகட்டி மாதிரின்னு சொல்லுங்க மச்சான்" என்றாள் வஹீதா.

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. இது வெளிநாட்டு மிஷின்."

"சரி, வெளிநாட்டு டீ வடிகட்டி."

வஹீதா அவனுடைய மாமு மகள். மாமு ஹனீஃபாவின் வீடு நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. வீட்டை ஒட்டியே அவருடைய மிளகாய் அரவை மில். காந்தி மார்க்கெட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வற்றல் வந்து இறங்கும். காலை எட்டு மணிக்கு மில் ஓட ஆரம்பித்தால் தெருவில் முதல் தும்மல் எட்டு இரண்டுக்குக் கேட்கும். தெருக்காரர்கள் நகரசபைக்கு எழுதிப் போட்ட மனுக்கள் ஒரு தனிக் கட்டாகச் சேர்ந்திருந்தன.

சாதிக்குக்கு வஹீதாவைக் கொடுப்பதில் ஹனீஃபாவுக்குத் தடையில்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று.

"பெர்மனென்ட் ஆயிட்டு வாப்பா. நாளைக்கே நிக்காஹ். மீலாது முடிஞ்சதும் பினாங்குலேருந்து ஜவுளிக்கடை மாப்பிள்ளை வர்றாரு. அதுக்குள்ள உன் ஆர்டர் வரலைன்னா நான் அவங்களுக்குச் சொல்லிருவேன். அப்பறம் மாமு மேல வருத்தப்படக் கூடாது."

மீலாது நபிக்கு ஆறு மாதம் இருந்தது. அரசாங்கத்தில் ஆறு மாதம் என்பது ஒரு கடிதம் போய் வருகிற நேரம். சாதிக் அதிகாரி சொல்வதையெல்லாம் செய்வது என்று தீர்மானித்துக்கொண்டான்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலையில் பாலக்கரைத் தாளை எடுத்துத் தகரப் பெட்டியில் வைப்பான். பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துத் தாளை எடுத்து வருவான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் "கொஞ்சம் மூச்சை மெதுவா விடுங்க" என்று கேட்டுக்கொள்வான். இப்போது நினைத்தால் அவனுக்கே சிரிப்பு வருகிறது. அப்போது ஊரின் மூச்சே தன் மடியில் இருப்பதாக அவனுக்கு நினைப்பு.

பங்குனியில் வெயில் ஏறியது. ரங்கமன்னார் தம் அறை ஜன்னலுக்கு ஒரு வெட்டிவேர்த் தட்டி வேண்டுமென்று சென்னைக்கு எழுதினார். மனிதர்களுக்குத் தட்டி கிடையாது என்று பதில் வந்தது. அவர் தளரவில்லை. நிலையத்தில் ரொம்ப விலை உயர்ந்த சாமான் ஜெர்மன் தராசு. விலை உயர்ந்த சாமான் அதிகாரியின் அறையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தராசின் பாதுகாப்பை முன்னிட்டுத் தட்டி வேண்டும் என்று மறுபடி எழுதினார். உடனே மஞ்சூர் ஆயிற்று. காத்தமுத்து அரைமணிக்கு ஒரு தடவை ஒரு குடம் தண்ணீரைத் தட்டியில் இறைத்தான். அறை குற்றாலம் மாதிரி ஆயிற்று. புதுத் தாள்கள் அடுக்கியிருந்த அலமாரி அந்தத் தட்டிக்கு அடியில்தான் இருந்தது.

சித்திரை மூன்றாம் நாள், பாலக்கரைத் தாளைத் தராசில் வைத்த சாதிக் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தான். முந்தின நாள் வெறும் தாளாக இருந்தபோது இருந்த எடையைவிட, தூசியோடு வந்த தாளின் எடை அறுபது மில்லிகிராம் குறைவாக இருந்தது. தாள் என்னவோ சிவப்பாக இருந்தது. பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் தும்மல் வந்தது.

"சார், மைனஸ் அறுபது வருது."

ரங்கமன்னார் தாளைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தார். "மைனஸ்னா என்ன அர்த்தம் சாதிக்?"

"தப்புன்னு அர்த்தம் சார்."

"அவசரப்படாதேயும். மிஷின் வெளிநாடு. தராசு ஜெர்மனி. நடுவுல இருக்கறது நீர் ஒருத்தர்தான். தப்புன்னா அது யாரண்ட இருக்கும்?"

அதற்குப் பிறகு சாதிக் தப்பு என்று சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்துத் தாளும் மைனஸ் நூற்றிருபது என்று வந்தது. ஒரு வாரம் தொடர்ந்து மைனஸ். சென்னைக்கு அறிக்கை போனது. இரண்டு மிஷின்களும் சரியாக அளக்கின்றனவா என்று பரிசோதிக்கச் சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது.

குழுவின் உத்தரவுப்படி ஸ்ரீரங்கத்து மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து பாலக்கரை மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்து மூன்று நாள் ஓட்டினார்கள். ஒரே மாடி, ஒரே காற்று. பாலக்கரை மிஷின் அறுபது என்றது. ஸ்ரீரங்கத்து மிஷின் தொண்ணூறு என்றது. இரண்டும் மைனஸ் என்பதைப் பற்றிக் குழு கவலைப்படவில்லை. அவை ஒத்துப்போகவில்லை என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது.

"எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் ஒரு உறுப்பினர்.

குழுத் தலைவர் முப்பது வருஷ சர்வீஸ்காரர். மிஷின்களின் அடியில் குனிந்து எதையோ படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதோட நம்பர் 4417. அதோட நம்பர் 4420. இது சீனியர். சீனியர் சொல்றதுதான் சரி. ஜூனியர் எவ்வளவு காட்டினாலும் அதுல முப்பதைத் திருத்திப் போட்டுக்குங்க."

"எத்தனை நாளைக்கு சார்?" என்றான் சாதிக்.

"சீனியர் ரிட்டயர் ஆகற வரைக்கும்."

காத்தமுத்து குழுவுக்கு இளநீர் கொடுத்துக்கொண்டே, "மிஷினுக்கும் பென்சன் உண்டுங்களா ஐயா" என்று கேட்டான். தலைவர் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டார்.

பரிசோதனையில் மிஷின்கள் தேறிவிட்டன என்று ஆனதும், ரங்கமன்னாருக்கு ஒரு விழா எடுக்கத் தோன்றியது. ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகள் போட்டார்கள். சாதிக் சுவரில் ஒரு வரைபடம் மாட்டினான். பூஜ்யத்துக்குக் கீழே எண்கள் வரும் என்று யாரும் எதிர்பார்க்காததால் கோடு தாளைவிட்டு இறங்கிச் சுவரில் சாக்பீஸில் தொடர்ந்தது.

"மகாஜனங்களே," என்று ஆரம்பித்தார் ரங்கமன்னார். "லண்டன்ல தூசி இருக்கு. பம்பாய்ல தூசி இருக்கு. உலகத்துல எந்த ஊர்லயும் தூசி பூஜ்யத்துக்குக் கீழ போனதா ரெக்கார்ட் இல்லை. நம்மூர்லதான் போயிருக்கு. நம்ம காத்து தாள்ல தூசியை வைக்கறதில்லை. தாள்ல இருக்கறதையும் எடுத்துண்டு போயிடறது. ஸ்ரீரங்கத்துக்கு இது ரெண்டு நதியோட கடாட்சம், பெருமாளோட திருவுள்ளம். பாலக்கரைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அங்கே இது முழுக்க முழுக்க நிர்வாகத்தோட சாதனை. அடியேன் அங்கே பொறுப்பேத்துண்ட நாலே மாசத்துல நடந்திருக்கு. நான் ஒரு நாள்கூட மொட்டை மாடிக்குப் போனதில்லை. ஒரு நிர்வாகம் நன்னா அமைஞ்சுதுன்னா அதிகாரி மாடி ஏற வேண்டிய அவசியமே இருக்காது."

கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், வெளியூர்த் தூசியை இங்கே கொண்டுவந்து கரைக்க ஏற்பாடு உண்டா என்று கேட்டார். பரிசீலனையில் இருப்பதாக ரங்கமன்னார் சொன்னார். சாதிக் வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியோடு நின்றான். அன்றைக்குத் தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனதை அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

விழாவின் பலன் பாலக்கரையில் தெரிந்தது. மைனஸ் அறுபது என்று முத்திரை குத்திய அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி, ஹனீஃபா கண்ணாடி போட்டு மில் வாசலில் மாட்டினார். மனுக்கொடுத்தவர்கள் வந்தபோது அதைக் காட்டினார்.

"படிச்சுப் பாருங்க. எங்க தெருவுல தூசி கடன்ல இருக்கு. இன்னும் அறுபது போட்டாத்தான் ஒண்ணுமில்லைங்கற நெலைக்கே வரும். கவர்மென்ட்டே சொல்லியாச்சு, நீங்க எதுக்கு இருமுறீங்க?"

அந்த மாதமே இரண்டாவது அரவை மிஷின் போட்டார். நகரசபை அனுமதி உடனே கிடைத்தது.

அதற்கு மறுவாரம் மத்தியானம், சாதிக் மாமு வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது வஹீதாவின் கண் இரண்டும் கோவைப் பழமாக இருந்தன. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினாள்.

"அழுதியா?" என்றான், கொஞ்சம் ஆசையோடு. பினாங்குச் செய்தி ஏதாவது வந்து தனக்காக அழுதிருப்பாள் என்று ஒரு எண்ணம்.

"உங்களுக்காக அழுவுறதுக்கு எனக்கு ஏது நேரம். ரெண்டாவது மிஷின் ஓடுதுல்ல. ராத்திரியெல்லாம் நெஞ்சு இழுக்குது மச்சான். ஆமா, உங்க ஆபீஸ்ல என் இருமலுக்கு எத்தனை மைனஸ்?"

சாதிக் தகரப் பெட்டியைத் திறந்து வைத்தான். அன்றைக்கு எடை போட்டு எடுத்து வந்த புதுத் தாளும், மாடியிலிருந்து எடுத்த பழைய தாளும் இருந்தன. வஹீதா இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பழசு மொறுமொறுன்னு இருக்கு. இது என்ன, புதுசுங்கறீங்க, நமத்துக் கெடக்கு?"

"நமத்து...?"

"டப்பா மூடாம வச்ச அப்பளம் மாதிரி. உங்க சார் ரூம்ல தட்டி தண்ணியா ஊத்துதுன்னு சொல்லுவீங்கள்ல. அங்கதான வச்சிருக்கீங்க? ஈரத்தோட நிறுத்து எழுதிட்டு, வெயில்ல காயப்போட்டு மறுபடி நிறுத்தா கொறையாம என்ன செய்யும்? தூசிக்கு மேல ஈரம் போயிருக்கும்."

சாதிக் எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். பௌதிகத்தில் முதல் வகுப்பு வாங்கியவன், மூன்று மாதமாக நமத்த காகிதத்தை நிறுத்து, அதைச் சுவரில் சாக்பீஸால் வரைந்து, குச்சி வைத்து ஊருக்குக் காட்டியிருக்கிறான்.

"பி.எஸ்ஸி.யில இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?" என்றாள் வஹீதா.

"சொல்லித் தந்தாங்க. அன்னிக்கு நான் லீவு" என்றான். அது பொய். அன்றைக்கு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை அவளிடம் ஒரு உளுந்து அப்பளம் வாங்கிக்கொண்டு போய் அதிகாரியின் அலமாரியில் வைத்தான். அடுத்த நாள் எடுத்து நிறுத்தான். வெயிலில் மாடியில் வைத்தான். மறுபடி நிறுத்தான். அப்பளம் மைனஸ் எழுபது காட்டியது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ரங்கமன்னாரின் மேஜையில் வைத்தான்.

அவர் நிதானமாகப் படித்தார். "அப்பளத்துல தூசி பார்த்தீரா?"

"ஈரம் பார்த்தேன் சார். தராசை வெளியே எடுத்துட்டா சரியாயிடும். இல்லைன்னா தட்டியை எடுக்கணும்."

"தராசு வெளியே போனா தட்டி எதுக்குன்னு கேட்பா. தட்டி போனா தராசுக்கு என்ன பாதுகாப்புன்னு கேட்பா. ரெண்டும் போனா இந்த ரூம்ல நான் எதுக்குன்னு கேட்பா." அவர் குரல் கடுமையாக இல்லை. உண்மையாகவே பயந்திருந்தார். "சாதிக், உம்ம பெர்மனென்ட் ஃபைல் என்னண்டதான் இருக்கு. ரெண்டு மிஷினும் துல்லியமா அளக்கறதுன்னு அப்சர்வர் கையெழுத்து ஒண்ணு போட்டுட்டீர்னா, நாளைக்கே சிபாரிசு பண்ணி அனுப்பிடறேன். மீலாதுக்கு முன்னாடி ஆர்டர் வந்துடும். கல்யாண சமாசாரம் காத்தமுத்து சொன்னான்."

அந்தக் காகிதத்தைச் சாதிக் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாமு வீட்டுக்குப் போனான். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். மெச்சிக்கொள்ளும்படியான துணிச்சல் எதுவும் அவனிடம் இல்லை. வஹீதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடலாம் என்று வந்தான்.

அவள் காகிதத்தைப் படித்தாள். "போடுங்க. நானும் பினாங்கு போக வேணாம்னுதான் துஆ கேக்குறேன்." கொஞ்ச நேரம் இருமினாள். "ஆனா ஒண்ணு மச்சான். கல்யாணத்துக்கு அப்பறம் ஆயிரம் சொல்லுவீங்க. ஆபீஸ்ல வேலை இருந்துச்சு, லேட்டாயிடுச்சு, நீ ஆக்குன பிரியாணி நல்லாயிருக்கு. ஒவ்வொண்ணையும் நான் ஈரமா காஞ்சதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அது எனக்கு ஆயுசுக்கும் வேலை."

சாதிக் நிலையத்துக்குத் திரும்பினான். கையெழுத்து வேண்டிய இடத்தில் அப்பளக் கணக்கையே எழுதினான். வெறும் தாள் ஒன்றைக் கூடவே காயவைத்து நிறுத்தால் ஈரத்தைக் கழித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை சேர்த்து, முறைப்படி ரங்கமன்னார் வழியாகவே சென்னைக்கு அனுப்பக் கொடுத்தான். ரங்கமன்னார் அதை வாங்கிக்கொண்டார். மறைக்க அவருக்குத் தைரியம் இல்லை, ஏனென்றால் அதற்குத் தபால் நம்பர் போட்டாகிவிட்டது.

மீலாது முடிந்தது. பினாங்கு மாப்பிள்ளை கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிவிட்டார் என்று சேதி வந்தது. சாதிக் சாப்பிடவில்லை. நான்காம் நாள் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. ரங்கமன்னார் உரக்கப் படித்தார்.

"'மேற்படி நிலையத்தில் ஈரம் இருப்பது கவனிக்கப்பட்டது. தராசு அதிகாரியின் பொறுப்பில் இருப்பது விதி. தட்டி தராசின் பாதுகாப்புக்காக மஞ்சூர் ஆனது. எனவே இரண்டும் அவ்விடத்திலேயே தொடரும். வெறும் தாளை நிறுப்பது ஸ்டேஷனரியை வீணாக்குவதாகும். ஆகவே, நாள்தோறும் ஓர் அப்பளம் எடை போடப்பட்டு, அதன் எடைக்குறைவு தூசியின் எடையுடன் கூட்டப்படும். இவ்வேலை நிரந்தரமாகத் தேவைப்படும் என்பதால், அப்பளத் திருத்த அப்சர்வர் என்னும் பணியிடம் நிரந்தரமாக உருவாக்கப்பட்டு, அதில் ஜெகபர் சாதிக் நியமிக்கப்படுகிறார்.'"

தாளும் அப்பளமும் ஒரே அளவு ஈரம் குடிக்காதே என்று சொல்லச் சாதிக்கின் பௌதிகம் வாயைத் திறந்தது. நிரந்தரம் என்ற சொல் அதை மூடிவிட்டது. அன்றைய கணக்கிலேயே பாலக்கரை பிளஸ்ஸுக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தைப் போல ஐந்து மடங்கு. அப்பளத்தின் பிழையைக் கழித்தாலும் நாலு மடங்குக்குக் குறையாது. அறிக்கை நகரசபைக்குப் போயிற்று. ஆறு மாதத்துக்குள் மில்லை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று ஹனீஃபாவுக்கு நோட்டீஸ் வந்தது.

இரண்டு காகிதங்களும் ஒரே நேரத்தில் ஹனீஃபாவின் கையில் இருந்தன. சாதிக்கின் நிரந்தர உத்தரவு ஒன்று. மில்லின் நோட்டீஸ் ஒன்று. சாதிக் எதிரே நின்றான்.

"இந்த அளவு எடுத்தது யாருப்பா?"

"நான்தான் மாமு."

"கையெழுத்து?"

"அதுவும் நான்தான்."

"பெர்மனென்ட் ஆயிட்டு வான்னு சொன்னேன். என் மில்லு மேல ஏறி நின்னு ஆகச் சொல்லலையே." உள்ளே வஹீதா இருமுவது கேட்டது. அவர் நோட்டீஸை மடித்தார். "இருபது வருஷமா இந்தத் தூசியில இருக்கேன். எனக்குத் தெரியாதா. தூசியே இல்லைன்னு மிஷின் சொன்னப்ப நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு வியாபாரிக்கே உரிய நிதானத்தோடு, "ஆறு மாசம் டைம் போட்டிருக்கான். ரபீயுல் ஆகிர் மாசம் பொறந்ததும் நிக்காஹ் வச்சிருவோம். பினாங்குக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா மில்லை ஒரு நாளைக்கும் நிறுத்தமாட்டேன். இருக்கிற ஆர்டரை அரைச்சு முடிக்கணும். கல்யாணத்தன்னிக்கும் ஓடும்" என்றார்.

ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் பந்தல். பக்கத்திலே இரண்டு அரவை மிஷின்களும் முழு வேகத்தில். நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்து, மணமகனின் சம்மதம் கேட்க அவன் பக்கம் குனிந்து, "கபூல் செய்தீர்களா?" என்று கேட்டார்.

சாதிக் வாயைத் திறந்தான். தும்மல் வந்தது. தும்மினவர் சொல்லும் வழக்கப்படி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். கேட்டவர்கள் பதிலுக்கு வாழ்த்தும் வழக்கப்படி பந்தலில் இருந்த அத்தனை பேரும், "யர்ஹமுகல்லாஹ்" என்றார்கள். ஹஜ்ரத் பொறுத்திருந்து மறுபடி கேட்டார். மறுபடியும் தும்மல், மறுபடியும் அல்ஹம்துலில்லாஹ், மறுபடியும் பந்தல் முழுக்க யர்ஹமுகல்லாஹ். மூன்றாம் தடவை ஹஜ்ரத்தே தும்மினார். எல்லாரும் அவருக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பதிவுப் புத்தகத்தின் முன் பேனாவைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தவர், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அக்கம்பக்கம் பார்த்தார்.

உள் அறையிலிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது. சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்துவதற்குள் வந்துவிட்டது.

"அத்தா, மில்லு வேணுமா, மருமகன் வேணுமா? ஒண்ணைச் சொல்லுங்க, நான் நகையைக் கழட்டணும்."

ஹனீஃபா எழுந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு கூட்டத்தைத் தாண்டி மில்லுக்குள் போனார். இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பகல் பதினோரு மணிக்குத் தம் கையாலேயே மெயினை இறக்கினார். சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்றி நின்றது. தெருக்கோடியில் ஒரு குழந்தை அழுவதும், யாரோ குழாயடியில் குடத்தை வைப்பதும் கேட்டன. சிவப்பு மெல்ல மெல்ல இறங்கிற்று. பந்தலில் இருந்தவர்கள் மூச்சை ஒரு தடவை முழுதாக இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"கபூல் செய்தேன்" என்றான் சாதிக், தெளிவாக.

அதற்குப் பிறகு விருந்து முடிகிற வரைக்கும் மில்லை யாரும் ஓட்டவில்லை. ஆனால் அன்றைக்குப் பாலக்கரைக் காற்று எப்படி இருந்தது என்பதற்குச் சர்க்கார் ரெக்கார்டு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை.